எல்லைக்கு உள்ளே சிவபிரகாஷ்

வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்து ஊர் நாகராசு மகன் சிவபிரகாஷைப் பற்றி ஊருக்குள் இரண்டு பேச்சு உண்டு. "வீட்டுல குந்திக்கிட்டே சம்பாரிக்கிறான், குடுத்து வச்சவன்" என்பது ஒன்று. "போனக் கட்டிக்கிட்டு அலையிறான், இதெல்லாம் ஒரு பொழப்பா" என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்கிறவர்கள் ஒரே ஆட்கள்தான். காலையில் ஒன்று சொல்வார்கள், பொழுது சாய்ந்தால் மற்றது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அவன் வேலை இதுதான். சென்னையில் ஒரு கம்பெனி, ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறது. நோயாளியின் பெயரைப் பதிவதிலிருந்து மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை, பில் வரைக்கும் அதில்தான் ஓடும். அது நின்றால் ஆஸ்பத்திரி நிற்கும். அது ஓடுகிறதா நிற்கிறதா என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க இன்னொரு சாஃப்ட்வேர். கோளாறு என்று தெரிந்த அடுத்த நொடி அது சிவபிரகாஷின் போனில் மணி அடிக்கும். மணி என்றால் கோயில் மணி இல்லை. ஆம்புலன்ஸும் அடைகாக்கும் கோழியும் சேர்ந்து கத்தினால் எப்படியோ அப்படி. திரையில் 'பார்த்துட்டேன்' என்று ஒரு பட்டன் வரும். அதை அமுக்கினால் சத்தம் நிற்கும், 'சிவபிரகாஷ் பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று கம்பெனியில் எல்லார் திரையிலும் விழும். மற்றவர்கள் அவரவர் சோலியைப் பார்க்கப் போகலாம். ஐந்து நிமிஷத்துக்குள் அமுக்காவிட்டால் மணி அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

புதுக்கோட்டையில் இன்ஜினியரிங் முடித்துச் சென்னைக்குப் போனவன் அவன். கொரோனா சமயத்தில் லேப்டாப்போடு ஊர் வந்து சேர்ந்தான். நோய் போயிற்று, அவன் திரும்பிப் போகவில்லை. மாடியில் தனி அறை, அம்மா செவந்தி கையால் மூன்று வேளைச் சோறு. "இதுதாண்டா வாழ்க்கை" என்று சென்னைக் கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டான். யார் கண் பட்டதோ, அந்த வருஷமே மேனேஜர் ரகுநாத் கூப்பிட்டு, "வீட்லயேதான இருக்கீங்க சிவா, இந்த அலர்ட்டைக் கொஞ்ச நாள் பாத்துக்குங்க" என்றார். கொஞ்ச நாள் என்பதற்கு அகராதியில் என்ன அர்த்தமோ, கம்பெனியில் அதற்கு முடிவு கிடையாது. முதலில் மூன்று பேர் முறை வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் கனடா போனார். ஒருத்தி வேறு கம்பெனிக்குத் தாவினாள். மிஞ்சியது இவன். அகப்பட்டவனுக்கு அட்டமத்தில் சனி, ஓடிப்போனவனுக்கு ஒன்பதில் குரு என்று சும்மாவா சொன்னார்கள்.

அதற்கப்புறம் அவன் பட்ட பாட்டை என்ன சொல்ல. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சிக்னல் இல்லையென்று சொந்த வயலில் கால் வைப்பதில்லை. முடி வெட்டிக்கொள்ளப் போனவன் பாதியில் எழுந்து ஓடிவந்து, ஒரு பக்கம் காடும் ஒரு பக்கம் மேடுமாக இரண்டு நாள் திரிந்தான். மச்சினன் கல்யாணத்தில் தாலி ஏறுகிற நேரம் இவன் மண்டபத்துக்கு வெளியே, ஜெனரேட்டர் பக்கத்தில், மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். மனைவி திலகவதிக்கு அம்மா வீடு மணமேல்குடி. போகிற வழியில் அங்கங்கே சிக்னல் அறுந்துபோகும், அதனால் அவள் தனியாகத்தான் போய் வருவாள். "மாப்பிள்ளைக்கும் ஒனக்கும் எதுவும் மனக்கசப்பா?" என்று அங்கே கேட்டுக் கேட்டு, பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

வேலையை விட்டுத் தொலையக் கூடாதா என்பீர்கள். விட்டால் அடுத்த வேலை சென்னையில்தான். அப்பா நாகராசுவுக்குச் சர்க்கரைப் புண்ணில் இடது கால் விரல் இரண்டை எடுத்தாயிற்று. மருந்து வைத்துக் கட்டவும், மாதம் தவறாமல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவும் வீட்டில் வேறு ஆம்பிளை கிடையாது. அந்த டாக்டர் இருக்கிற கட்டடத்துக்குள்ளும் சிக்னல் இல்லை என்பது வேறு கதை. இவன் வாசலில் நிற்க, திலகவதிதான் மாமனாரை உள்ளே அழைத்துப் போவாள். மனசுக்குள் புழுங்கினான். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் மூச்சு முட்டுகிறது என்று சொன்னால் ஊர் சிரிக்கும் அல்லவா.

இப்படி இருக்கையில்தான் ஒரு வழி பிறந்தது. நாகர்கோவிலிலிருந்து வேலை பார்க்கும் ஷர்லி என்ற பெண்ணை இவனுக்கு அடுத்த ஆளாகப் போட்டார்கள். ரகுநாத் சொன்னார்: "இந்த மாசம் நீங்க முதல் ஆள், ஷர்லி ரெண்டாவது. ஒரு சிக்கலும் இல்லாம மாசம் முடியட்டும் சிவா. ஒண்ணாந்தேதியிலேருந்து ஷர்லி முதல் ஆள். உங்களுக்கு சாதாரண பகல் வேலை, மணியெல்லாம் கிடையாது." அன்றைக்கு அவன் மாடியிலிருந்து இறங்கி வந்த வேகத்தைப் பார்த்து, செவந்தி என்னமோ ஏதோ என்று பதறிப்போனாள். வாழ்க்கையில் அவன் அப்போது வேண்டியது அது ஒன்றைத்தான். மாசம் முடிய வேண்டும், மணி கைமாற வேண்டும்.

அந்த மாசம் பார்த்து ஊரில் மாரியம்மன் திருவிழா. கோயில் உரிமையைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு கரைக்காரர்களுக்கும் மரியாதைத் தகராறு வந்து ஆறு வருஷம் நின்றுபோன திருவிழா அது. அதிகாரிகள் முன்னால் பேசிச் சமாதானமாகி, இப்போதுதான் மறுபடி நடக்கிறது. ஒரு கரைக்கு ஓர் ஆள் காப்புக் கட்ட வேண்டும். காப்புக் கட்டியவன் தேர் நிலைக்கு வரும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மற்ற சனம் போகலாம், விளக்கு வைக்குமுன் திரும்பிவிட வேண்டும். காப்புக்காரன் மட்டும் ஓர் அடி கூட வெளியே வைக்கக் கூடாது. வைத்தால் காப்பு முறிந்தது, திருவிழா நின்றது. இவர்கள் கரைக்குக் காப்பு நாகராசு வீட்டு உரிமை. விரல் இல்லாத காலோடு வெறுங்காலில் அவர் எங்கே நடப்பது? மகன் கையில் மஞ்சள் கயிறு ஏறியது.

சிவபிரகாஷ் ஒன்றும் யோசிக்காமல் கையை நீட்டியவன் இல்லை. தேரன்று கம்பியில் முட்டும் என்று லைன்மேன் காலையிலேயே கரண்டை நிறுத்துவார், கேபிள்காரர் வயரை அவிழ்த்துச் சுருட்டிவிடுவார். அது தெரியும். போன் சிக்னல் இருக்குமே, டவருக்கு பேட்டரி உண்டே என்று நினைத்தான். அந்த பேட்டரி செத்துப் பல மாசம் ஆயிற்று என்பது டவருக்கு மட்டும்தான் தெரியும். அப்படியே போன் வேலை செய்யாவிட்டாலும் ஐந்து நிமிஷத்தில் மணி ஷர்லிக்குப் போய்விடும். அவளிடமும் சொல்லி வைத்தான். எல்லா ஓட்டையையும் அடைத்தாயிற்று என்றுதான் நம்பினான். அம்மாவை மறந்துபோனான்.

அம்மா என்ன செய்தாள்? இத்தனை வருஷமாக அவனே பழக்கியதைத்தான் செய்தாள். குளிக்கும்போதோ சாப்பிடும்போதோ மணி அடித்தால், "அம்மா, அமுக்கு, இந்தா வாரேன்" என்பான். அவள் அமுக்குவாள், அவன் ஈரத் தலையோடு மாடிக்கு ஓடுவான். வீட்டில் எல்லாருக்கும் அது கைவந்த வேலை. தேரன்று காலை ஈரவேட்டியும் வெற்றுடம்புமாகப் பால்குடம் எடுக்கப் போனவன், போனை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனான். அவன் குடத்தைத் தலையில் ஏற்றிய நேரம் மணி அடித்தது. கொட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. செவந்தி வழக்கம்போல அமுக்கினாள். வழக்கம்போல அவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். சாமி காரியமாகப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடலாமா? போனை மடியில் செருகிக்கொண்டு ஊர்வலத்தோடு நடந்தாள். கொஞ்ச நேரத்தில் லைன்மேன் கரண்டை நிறுத்தினார், டவரும் அதோடு படுத்துக்கொண்டது.

பால் அபிஷேகம் முடிந்து அவன் திருநீறு வாங்குகிறபோது செவந்தி பக்கத்தில் வந்தாள். "தம்பி, அந்த மணி அடிச்சுச்சு. நான் அமுக்கிட்டேன்."

"எப்பம்மா?"

"நீ கொடம் எடுத்தப்ப."

போனை வாங்கிப் பார்த்தான். சிக்னல் இருக்கிற இடத்தில் ஒரு பெருக்கல் குறி. கடைசியாக வந்த செய்தி மட்டும் நின்றது: மருந்துச் சீட்டு சர்வர் நின்றுவிட்டது. அதற்குக் கீழே: சிவபிரகாஷ் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஏம்மா என்னையக் கூப்புடல?"

"சாமிக்குப் போற புள்ளயப் பின்னாடி நின்னு எப்புடிப்பா கூப்புடுறது" என்றாள் செவந்தி. அவள் முகத்தைப் பார்த்தபின் அவனுக்குத் திட்டவும் மனசு வரவில்லை.

வீட்டுக்கு ஓடி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தான். கோயில் மேட்டில் இல்லை. பள்ளிக்கூடத்து மாடியில் இல்லை. வல்லத்திராக்கோட்டை ரோட்டில், ஊர் முடிகிற சின்னப் பாலம் வரைக்கும் வந்துவிட்டான். பாலத்தின் இந்த முனையில்தான் எல்லைத் தோரணம், வேப்பிலை கட்டித் தொங்குகிறது. அந்த முனையில் புளியமரத்தடியில் நிற்கிறவர்கள் ஜாலியாக போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வல்லத்திராக்கோட்டை டவர் எடுக்கிறது. கையை நீட்டிப் பார்த்தான், தோரணத்துக்கு வெளியே போனை மட்டும் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். ஒரு கோடு வந்தது, போயிற்று.

காப்புக்காரன் எல்லையில் நிற்கிறான் என்றதும் சேதி பரவிவிட்டது. நாகராசு கம்பை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். திலகவதி வந்தாள். திருவிழாவில் எதிர்க்கரைக்காரரான மூக்கன் நாலு ஆளோடு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எப்போதடா கால் வழுக்கும் என்று காத்திருக்கிற முகம் அவருக்கு. "என்ன மாப்ள, வெளியூர்ப் பயணமா?" என்றார்.

பாலம் பத்தடி. அந்தப் பக்கம் போய்க் கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும். எத்தனை ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் மருந்துக்கு வரிசையில் நிற்கிறார்களோ. ஒன்றாந்தேதி வேறு கண் முன்னால் நின்றது. இன்றைக்குக் கோட்டை விட்டால் ரகுநாத் சொன்ன விடுதலை போயிற்று. காலைத் தூக்கினால் ஆறு வருஷம் கழித்து வந்த தேர் போயிற்று, அப்பா இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடப்பதும் போயிற்று. அவன் அப்பாவைப் பார்த்தான். நாகராசு போகாதே என்று சொல்லவில்லை. மகன் மணிக்கட்டில் இருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நான் போறேன்" என்றாள் திலகவதி. "எனக்கென்ன காப்பா கட்டியிருக்கு? லேப்டாப்பையும் ஒங்க போனையும் குடுங்க. நீங்க இங்கிட்டு நின்னு சொல்லுங்க, நான் அங்கிட்டு உக்காந்து அடிக்கிறேன்."

"ஒனக்கு எப்புடித் தெரியும் இதெல்லாம்?"

"தெரியாதுதான். சொன்னா அடிக்கத் தெரியும்ல."

தோரணத்தைக் குனிந்து கடந்து போனாள். புளியமரத்து வேரில் உட்கார்ந்து, அவன் போனிலிருந்து நெட்டை இழுத்துக்கொண்டாள். முதலில் தன் போனில் ஷர்லியைப் பிடித்தாள். அந்தப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. "அண்ணன் பார்த்துக்கிட்டு இருக்காருன்னு போட்டிருந்துதே அக்கா. அதான் லேப்டாப்ப வீட்ல வச்சிட்டு, சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு சர்ச்சுக்கு வந்திட்டேன். வீட்டுக்குப் போக ஒரு மணி நேரம் ஆகுமே" என்றாள். ரகுநாத்துக்குப் போட்டால் வேறு அழைப்பில் இருக்கிறார் என்றது. இருக்க மாட்டாரா? நாலா பக்கமும் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவரைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள்.

"பாஸ்வேர்டு கேக்குது" என்று கத்தினாள் திலகவதி.

சிவபிரகாஷ் அசையாமல் நின்றான். பின்னால் பாதி ஊர் நிற்கிறது. பாஸ்வேர்டை வாயால் சொல்வது கம்பெனி சட்டப்படி குற்றம். அவனுக்கு இப்போது அது பெரிதாகப் படவில்லை. வேறு ஒன்றுதான் தடுத்தது.

"சொல்லுங்க, நேரமாகுது."

"என்னை விடுங்கடா" என்றான்.

"யாரு புடிச்சிருக்கா? சொல்லுங்க."

"அதான் பாஸ்வேர்டு, திலகா. என்னை விடுங்கடா. இங்கிலீஷ்ல, எல்லாம் சின்ன எழுத்து, நடுவுல எடம் விடாத. கடைசியில பதினேழு."

கூட்டத்தில் ஒருத்தர் இருமினார். பாலத்துக்கு அந்தப் பக்கம் திலகவதி தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். அவளுக்கும் புதுக்கோட்டைக் கடையொன்றில் கம்ப்யூட்டரில் பில் போட்ட பழக்கம் உண்டு. பாஸ்வேர்டை மூன்று மாசத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள் என்றும், சோம்பேறிகள் கடைசி நம்பரை மட்டும் ஒன்று கூட்டிக்கொள்வார்கள் என்றும் தெரியும். பதினேழு. மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். கல்யாணமாகி மூன்று வருஷம்தான் ஆகிறது. தான் இந்த வீட்டுக்குள் வருவதற்கு முன்பிருந்தே அவன் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறான், தன் பக்கத்தில் உட்கார்ந்து தட்டியிருக்கிறான், காபி கொண்டுபோய் வைத்தபோதெல்லாம் தட்டியிருக்கிறான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "உள்ள போயிருச்சு, அடுத்து?" என்றாள்.

அடுத்தது நீளமான வேலை. சர்வரில் இடம் நிறைந்து, புதுச் சீட்டு எதுவும் உள்ளே போகாமல் முட்டிக்கொண்டு நிற்கிறது. பழைய குப்பையை அழிக்க வேண்டும், பிறகு நாலு புரோகிராமை வரிசை மாறாமல் நிறுத்தி எழுப்ப வேண்டும். அவன் ஒவ்வொரு சொல்லாகக் கத்தினான். அவள் அடித்து, திரும்ப வாசித்துக் காட்டினாள். கோயில் பக்கம் கொட்டு ஓங்கினால் இரண்டு பேரும் நிறுத்தினார்கள். ஒருமுறை அவள் ஒரு புள்ளியை விட்டுவிட்டாள், அவன் தலையில் அடித்துக்கொண்டான், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப்பேர் தேர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நாகராசு மட்டும் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல், இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் திலகவதி எழுந்து நின்றாள். "பச்சையாயிருச்சுங்க. எல்லாம் பச்சை."

சிவபிரகாஷ் அப்படியே தரையில் உட்கார்ந்தான். நேரம் ஆகிவிட்டதுதான், ஆனால் வேலை முடிந்துவிட்டது. ஒன்றாந்தேதி இன்னும் கைவிட்டுப் போகவில்லை.

அப்போது திலகவதியின் போன் அடித்தது. ரகுநாத். அவனுக்கும் கேட்கட்டும் என்று அவள் சத்தத்தைக் கூட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த நம்பர்லேருந்து கால் வந்திருந்தது. யாரு பேசுறது?"

"அவரு மிஸஸ் சார். திலகவதி. அவரு காப்புக் கட்டியிருக்காரு, எல்லை தாண்டக் கூடாது. ஊருக்குள்ள கரண்டு இல்ல, டவரும் படுத்துருச்சு, இங்கிட்டுத்தான் சிக்னல் இருக்கு. அதான் அவரு சொல்லச் சொல்ல நான் அடிச்சேன்."

ரகுநாத் சிரித்தார். நல்ல மனுஷன்தான், மனசாரத்தான் சிரித்தார். "சிவா, கேக்குதா? கரண்டு இல்ல, நெட்டு இல்ல, ஊரை விட்டு வெளியேயும் வர முடியாது. அப்பவும் முடிச்சிருக்கீங்க. இன்னைக்கு ஷர்லியால என்ன செய்ய முடிஞ்சுது, சொல்லுங்க. உங்கள எடுத்துட்டு நான் யார அந்த இடத்துல போடுறது? ஒண்ணாந்தேதி பேச்சை இப்போதைக்கு விட்டுருவோம். ஒரு வருஷம் போகட்டும்."

பாலத்தின் இந்த முனையில் சிவபிரகாஷ் எழுந்து நின்றான். நன்றாகச் செய்ததற்கு இதுதான் கூலி. கெட்டுப்போகட்டும் என்று விட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"ஆனா ஒண்ணு" என்றார் ரகுநாத். "இன்னைக்கு மாதிரி அவருக்கு எடுக்க முடியாமப் போகலாம். மேடம், உங்களுக்குத்தான் பழகிடுச்சே. உங்க போனுக்கும் அந்த மணியைப் போட்டுடலாமா? அவருக்கும் பாரம் குறையும். சரின்னா அந்த ஆப்பை அனுப்புறேன், இதே நம்பரையே சேர்த்துடுறேன்."

"வேணாம் திலகா" என்று கத்தினான் சிவபிரகாஷ். "சரின்னு சொல்லாத. போன வையி."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பால் காய்ந்த உடம்போடு, மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு, தோரணத்துக்குக் கீழே அவன் நிற்கிறான். அவள் காதில் அந்தப் பாஸ்வேர்டுதான் ஒலித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் இவர் தனியாகச் சுமந்திருக்கிறாரே என்பது ஒன்றுதான் அவள் மனசில் ஓடியது. சும்மா இருங்க என்று கையைக் காட்டினாள்.

"சேத்துக்குங்க சார்" என்றாள்.

சர்வர் விழுந்து கிடந்தபோது எல்லை தாண்ட எழாத அவன் கால் இப்போது எழுந்தது. நாகராசு அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு எங்கே தெரியும்? முகமெல்லாம் பெருமை அவருக்கு. "எம் மருமகளப் பாத்தியாப்பா" என்றார். அந்தப் பக்கம் அவள், "முதல் மணி எனக்கே அடிக்கட்டும் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூக்கன் இன்னும் போகவில்லை. அவர் சிவபிரகாஷின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். கால் எடுத்த இடத்திலேயே இறங்கியது.

திலகவதி லேப்டாப்பை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாலத்தில் நடந்து வந்தாள். தோரணத்துக்குள் நுழைந்து அவன் பக்கத்தில் நின்றாள். "இனிமே பாதி எனக்கு. சந்தோசந்தானே?" என்று கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான்.